இடது பின் மட்கார்டு

ரிகோபெர்தோ காரை விட்டு இறங்கினான்; கதவைச் சாத்தவில்லை. ஏதோ கோளாறு என்று சொராய்தாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மற்ற நாளில் அந்தக் கதவை இரண்டு விரலால் தள்ளி, 'டப்' என்று அது உட்காரும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஓரடி நகர்வான். எண்பத்து மூன்றாம் வருஷத்து கரோலா, ஒயின் சிவப்பு. ரொட்டிக் கடையில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிச் சம்பாதித்ததெல்லாம் அதில்தான் போயிருந்தது.

"வந்து பாருங்கக்கா," என்றான். வழக்கமாகக் கொண்டுவரும் ரொட்டியும் கையில் இல்லை.

இடது பக்கப் பின் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் வளைவில், மயிரிழையாக ஒரு கோடு ஓடியிருந்தது. ஓரிடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயிண்ட் செதிலாகக் கிளம்பி நின்றது.

"ரெண்டு வாரம் முன்னாடி நீங்க மடிச்ச இடம்."

"ஆமா. நான் மடிச்ச இடந்தான்."

"அவ்வளவுதானா? கடையில ரொட்டி வாங்க வர்றவனெல்லாம் துக்கம் விசாரிச்சுட்டுப் போறான்க்கா. உங்க மச்சானும் வந்தாரு. பொம்பளை கையில இரும்பைக் கொடுத்தா இப்படித்தான்னாரு."

சொராய்தா குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாவுக்கோ என்ற ஊரின் மலைச்சரிவில் அந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் இரண்டே காரியத்துக்குத்தான் வருவார்கள். ஒன்று காப்பிக்கொட்டை. இன்னொன்று சொராய்தாவின் வீட்டுப் போர்டிகோ. பழைய சின்னக் காருக்கு அகலமான பெரிய சக்கரம் மாட்டவேண்டும் என்ற ஆசை இந்தத் தீவில் ஆண்பிள்ளைகளுக்கு மீசையோடு சேர்ந்து முளைக்கிறது. மாட்டுவது சுலபம். மாட்டியபின் ஒரு பள்ளத்தில் இறங்கினால்தான் வினை தெரியும். மட்கார்டின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தால் உள்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்குத் தகடு மடங்கி, சின்ன அலமாரித் தட்டுபோல நிற்பது தெரியும். கார் அமுங்கும்போது டயர் மேலே ஏறி அந்தத் தட்டில் உரசும். நாலு பள்ளம் போனால் கத்தியால் சீவியது மாதிரி டயர் சீவப்பட்டிருக்கும். அந்தத் தட்டை மேல்பக்கமாக மடக்கி மட்கார்டின் உள்முதுகோடு ஒட்டவைத்துவிட்டால் ஒரு விரல் இடம் கிடைக்கும். டயருக்கு அது போதும்.

ஊரில் இதை பேஸ்பால் மட்டையால் செய்வார்கள். டயருக்கும் தட்டுக்கும் நடுவே மட்டையைச் சொருகி, நாலு பேர் காரை முன்னும் பின்னும் தள்ளினால் மட்டை உருண்டு தட்டை மடக்கும். மடங்கும், பெயிண்ட்டும் வெடிக்கும். பெயிண்ட் என்பது தகட்டின்மேல் இழுத்துப் போர்த்திய தோல். தகடு மடங்கினால் அந்த மடிப்பில் தோல் நீளவேண்டும். குளிர்ந்த பெயிண்ட் கண்ணாடி மாதிரி, நீளாது. சூடேறினால் அதுவே பதப்படுத்திய தோலாகிவிடும். சொராய்தாவின் தொழில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, அது மாட்டியிருந்த போல்ட்டுகளிலேயே ஓர் இரும்புக் கையை முடுக்குவாள். கையின் நுனியில் கடினமான நைலான் உருளை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் ஓரத்தைச் சூடாக்கிக்கொண்டே அந்தக் கையை அரைவட்டமாக, சாமரம் வீசுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். ஒரு வீச்சுக்கு அரிசி கனம்தான் மடங்கவேண்டும். நாற்பது ஐம்பது வீச்சு. ஒரு மட்கார்டுக்கு இரண்டு மணி நேரம். ஒன்பது வருஷத்தில் ஒரு பெயிண்ட் வெடித்ததில்லை.

அதனால்தான் அவள் அந்தக் கோட்டை அவ்வளவு நேரம் பார்த்தாள். மடிப்பில் வெடிக்கிற பெயிண்ட் மடிப்பின் ஓரத்தோடேயே ஓடும். இது ஓரத்துக்கு இரண்டு விரல் மேலே, வறண்ட ஏரியில் விடுகிற வெடிப்புபோலக் கோணல்மாணலாகக் கிளம்பியிருந்தது. விரல் மடக்கித் தட்டினாள். பக்கத்துத் தகடு 'டிங்' என்றது. இந்த இடம் 'தொப்' என்றது.

உள்ளே போய் ஃபிரிட்ஜ் கதவில் மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தவளைக் காந்தத்தை எடுத்துவந்து அந்த இடத்தில் வைத்தாள். தவளை நிற்காமல் அவள் உள்ளங்கையில் விழுந்தது. பெயிண்ட்டுக்கு அடியில் இருந்தது இரும்பல்ல, ஒடுக்கை மறைக்க அப்பிய பட்டி.

"இந்தக் காரை யார்கிட்ட வாங்குன?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க மச்சான்கிட்டதான். சுத்தியல் படாத தகடுன்னு அம்மா மேல சத்தியம் பண்ணிக் கொடுத்தாரு."

"சரி. ஞாயித்துக்கிழமை காலையிலேயே காரைக் கொண்டா. வலது பக்கம் இன்னும் பாக்கி இருக்கே."

"இன்னொரு பக்கத்தையும் உங்ககிட்டயே கொடுக்கச் சொல்றீங்களா?"

"கொண்டான்னேன்ல?"

அன்று சாயங்காலம் கமாலியேல் வந்தார். ரிகோபெர்தோ சொன்ன மச்சான் இவர்தான், சொராய்தாவின் கணவன் எஃப்ராயினுக்கு அண்ணன். நாற்சந்தியில் டிங்கரிங், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நூற்றுப் பத்துக் கிலோ உடம்பு. ஞாயிறு காலை ஜெபக்கூடத்தில் முதல் வரிசை. செத்துப்போன அம்மாவின் வீடு இது, பாதி அவருக்கு. போர்டிகோவின் நடுவில் நின்று நாலு மூலையையும் அளந்து பார்த்தார்.

"ஏம்மா சொராய்தா, நான் சுத்தி வளைக்கல. பேரு கெட்டுப்போச்சு. ஊருக்குள்ள என் பேரும் உன் பேரும் ஒண்ணுதானே? மாசக் கடைசிக்குள்ள இதை ஒழிச்சுக் கொடுத்துடு. என் பம்பருங்கல்லாம் மழையில நனையுது."

"ஒரு கோடு விழுந்ததுக்கா மச்சான்?"

"ஒரு கோடா? சூடு அதிகம் வச்சுட்ட. பெயிண்ட்டை வறுத்துட்ட. நான் முப்பது வருஷமா பெயிண்ட் அடிக்கிறவன், எனக்குத் தெரியாதா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க. எல்லாருக்கும் முன்னாடி வலது பக்கத்தை மடிக்கிறேன். ஒரு மயிரிழை விட்டாலும் அன்னைக்கே ஒழிச்சுத் தர்றேன். மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு?"

"விடலேன்னா?"

"விடலேன்னா இந்தப் போர்டிகோவைப் பத்தி இனி உங்க வாயில ஒரு பேச்சு வரக்கூடாது."

கமாலியேல் சிரித்தார். "சரி. ஊரையே கூட்டிட்டு வர்றேன்."

அவர் போனபின் எஃப்ராயின் சமையலறை வாசலில் நின்றான். காப்பி ஆலையில் வறுவல் இயந்திரத்தில் வேலை. குளித்தாலும் காப்பி மணக்கும். அண்ணன் எதிரில் பேசிப் பழக்கமில்லாதவன்.

"அது பட்டின்னு தெரிஞ்சுதுல்ல? சொல்லியிருக்கலாமே."

"இப்ப சொன்னா தப்பிக்கச் சொல்றேன்னு ஆகும்."

"சொல்லாமலே விட்டுடேன் சொரா. வலது பக்கத்தை நல்லபடியா பண்ணிடு. அண்ணனை நாலு பேர் முன்னாடி... கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுலதானே உக்காந்து சாப்பிடணும்?"

சொராய்தா தவளையைத் திரும்ப ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "எனக்கு அவர்மேல இருக்கிற கோபம் கொஞ்சந்தான். என்மேலதான் ஜாஸ்தி. வர்ற கார் ஒவ்வொண்ணையும் மடிக்கிறதுக்கு முன்னாடி காந்தம் வச்சுப் பார்ப்பேன். இந்தக் காருக்கு மட்டும் வைக்கல. ஏன் தெரியுமா? உங்க அண்ணன் வித்த கார். அதுல காந்தம் வச்சா அவரைத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு வைக்கல. மரியாதை பார்த்தேன். அந்த மரியாதைதான் இப்ப வெடிச்சு நிக்குது."

உண்மையில் அந்த ஊரில் எவனும் அந்தக் காரில் காந்தம் வைத்துப் பார்த்திருக்கமாட்டான். முன்பின் தெரியாதவன் காரை முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். சொந்தக்காரன் விற்ற காரின் பானெட்டைத் திறந்து பார்ப்பதுகூட அவமரியாதை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கே காரை வாங்கி, வலது பக்கம் சூரியனைப் பார்க்கத் தெருவில் நிறுத்தியிருந்தாள். தகடு தானாகவே பாதிச் சூட்டுக்கு வந்துவிட்டால் மீதிதான் அவள் பொறுப்பு. மட்கார்டின் உள்பக்கம் அப்பியிருந்த செம்மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவி, உலர்த்தி, துணியால் மூன்று முறை துடைத்தாள். ஒரு மணல் உருளைக்கு அடியில் மாட்டினாலும் ஓரம் முழுவதும் கோடு கிழித்துவிடும்.

ஜெபக்கூடம் முடிந்து கமாலியேல் சொன்னபடி ஊரையே கூட்டிவந்தார். இருபது முப்பது பேர். எதிர்வீட்டு மில்த்ரெத் அக்கா சாய்வு நாற்காலியைத் தெரு ஓரத்துக்கே இழுத்துப்போட்டுக்கொண்டாள். கொல்லைப்புறத்தில் எஃப்ராயின் பெரிய அண்டாவில் சான்கோச்சோ ஏற்றியிருந்தான். மரவள்ளியும் பச்சை வாழைக்காயும் சோளக்கதிரும் மாட்டெலும்போடு வேகும் வாசனை தெருவரைக்கும் வந்தது.

"சாப்பாடு போட்டு வழியனுப்புறாங்க போல," என்று கமாலியேல் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

சொராய்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இடது பக்கத்துல நான் ஒரு தப்பு பண்ணினேன். காந்தம் வைக்காம மடிச்சேன். அது என் தப்பு. ரிகோ, இந்தா, இதை நீயே வச்சுப் பாரு."

ரிகோபெர்தோ தவளையை வாங்கி ஊரெல்லாம் பார்க்க இடது மட்கார்டில் வைத்தான். விழுந்தது. ஒரு ஜாண் தள்ளி வைத்தான், ஒட்டிக்கொண்டது. மறுபடி கோட்டுக்குப் பக்கத்தில். விழுந்தது.

"தகடு வளையும். பட்டி வளையாது," என்றாள் சொராய்தா. "அது கல்லு மாதிரி. உள்ள தகடு மடங்கினப்பவே அடியில விட்டுப்போயிருக்கும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துலயும் கொஞ்சங்கொஞ்சமா நகந்து, ரெண்டு வாரத்துல மேல வந்திருக்கு."

ரிகோபெர்தோ திரும்பினான். "சுத்தியல் படாத தகடுன்னீங்களே?"

"ஏதோ ஒரு சின்னக் கல்லு பட்டது தம்பி."

"கல்லா? ஒரு ஜாண் பட்டி போட்டிருக்கு. மலையே இடிஞ்சு விழுந்ததா?" இது மில்த்ரெத் அக்கா.

கமாலியேலின் கழுத்து சிவந்தது. ஆனால் தொழில் தெரிந்தவர், சுதாரித்துக்கொண்டார். "பட்டி போடாத கார் எங்க இருக்கு? என் பட்டி இருபது வருஷம் நிக்கும். இவ வச்ச சூட்டுலதான் பொரிஞ்சுபோச்சு. பேச்சு எதுக்கு? வலது பக்கத்தை மடிக்கச் சொல்லுங்க, பார்ப்போம்."

"அதுக்குத்தானே வந்தீங்க," என்றாள் சொராய்தா. வலது மட்கார்டின் ஓரம் முழுக்கத் தவளையை நகர்த்திப் பார்த்தாள். எங்கேயும் விழவில்லை. காரை நிழலுக்குள் தள்ளி, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றினாள். இரும்புக் கையை முடுக்கினாள்.

ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓரம் நெடுகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். அவ்வப்போது புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஐந்து எண்ணும்வரை வைக்கமுடிந்தால் சூடு போதாது. ஒன்றிலேயே கை தானாக எடுத்துக்கொண்டால் அதிகம். மூன்றில் எடுக்கவேண்டும். மூன்றில் எடுத்தாள். உருளையைத் தொடவைத்து முதல் வீச்சு. தகடு லேசாக முனகியது. இரண்டாவது. மூன்றாவது. ஐந்து வீச்சுக்கு ஒருமுறை உருளையை அரைத் திருகு ஏற்றினாள். பத்தொன்பதாவது வீச்சில் தட்டு பாதி மடங்கியிருந்தது.

அப்போது ஹீட் கன்னின் இரைச்சல் நின்றது. உள்ளே ஃபிரிட்ஜ் ஒருமுறை உலுக்கி அடங்கியது. தெரு நெடுகிலும் "போச்சுடா!" என்று குரல்கள். கரண்ட் போய்விட்டது. போனால் எப்போது வரும் என்று கேட்கும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

கமாலியேல் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்து விரித்தார். "மேல இருக்கிறவரே சொல்லிட்டாரு, போதும்னு."

"மில்த்ரெத் அக்கா வீட்டுல ஜெனரேட்டர் இருக்கே?" என்றான் ரிகோபெர்தோ.

"அது ஃபிரிட்ஜுக்கே மூச்சு வாங்கும் தம்பி. இந்தத் துப்பாக்கியை மாட்டினா செத்துடும்."

"என் கடையில பெருசு இருக்கு," என்றார் கமாலியேல். குரலில் தேன் வழிந்தது. "ஒரு வார்த்தை. 'மச்சான், கொஞ்சம் உதவுங்க'ன்னு கேட்டா அஞ்சு நிமிஷத்துல வண்டியில வந்துடும்."

எல்லோரும் சொராய்தாவைப் பார்த்தார்கள். அவள் மட்கார்டில் புறங்கையை வைத்தாள். மனதுக்குள் எண்ணினாள். நாலு. ஐந்து. ஆறு. தகடு ஆறிக்கொண்டிருந்தது. பாதி மடங்கிய தட்டு எதற்கும் உதவாது. கூர்முனை இன்னும் டயர் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"வேண்டாம்," என்றாள். பிறகு கொல்லைப்புறம் திரும்பி, "எஃப்ராயின், வெந்நீர் வேணும். நிறைய," என்று குரல் கொடுத்தாள்.

சமையலறை அடுப்பு கரண்டில் எரிவது; கொல்லையில் கேஸ் அடுப்பு ஒன்றே ஒன்று. அதன்மேல் முப்பது பேருக்கான சான்கோச்சோ. எஃப்ராயின் கரண்டியோடு எட்டிப் பார்த்தான். முதலில் பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு அண்ணனை.

"டேய், எறக்கிடாதடா. கறி பாதி வேக்காட்டுல இருக்கு," என்றார் கமாலியேல்.

எஃப்ராயின் உள்ளே போனான். அண்டாவைத் தரையில் இறக்கும் சத்தம் 'ணங்' என்று தெருவரைக்கும் கேட்டது.

தண்ணீர் கொதிக்கக் கால் மணி ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் சொராய்தா உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் சிலர் கிளம்பலாமா என்று யோசித்தார்கள், பசி போகவிடவில்லை. எஃப்ராயின் இரண்டு கையிலும் வாளியோடு வந்தான். பின்னால் வீட்டிலிருந்த துண்டுகளெல்லாம் ரிகோபெர்தோவின் தோளில் வந்தன.

கொதிநீரில் துண்டை முக்கி, கரண்டிக் காம்பால் தூக்கி, ரப்பர் கையுறை போட்ட கையால் ஓரத்தில் சுற்றிப் போர்த்தினார்கள். ஒரு நிமிஷம். எடுத்ததும் சொராய்தா உலர்துணியால் ஒரே இழுப்பில் துடைத்து, புறங்கை வைத்து, மூன்றில் எடுத்து, இரண்டு வீச்சு. அதற்குள் ஆறிவிடும். மறுபடி துண்டு. ஹீட் கன்னால் ஐந்து வீச்சு போகும் இடத்தில் வெந்நீரில் இரண்டுதான். மெதுவான வேலை. ஆனால் தண்ணீருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எவ்வளவுதான் கொதித்தாலும் பெயிண்ட்டைப் பொரியவைக்கும் சூட்டுக்கு அது போகவே போகாது.

இதை முதலில் சொன்னவள் மில்த்ரெத் அக்காதான். "கமாலியேல், இப்ப எதை வறுக்கிறாளாம்?"

கமாலியேல் தன்னை அறியாமல் இரண்டடி முன்னால் வந்து குனிந்து மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத் தொழிலாளியின் கண் அது. நல்ல வேலை நடக்கும்போது விலகத் தெரியாது.

ஒன்றே முக்கால் மணி நேரம். துண்டு மாற்றி மாற்றி எஃப்ராயினின் மணிக்கட்டு வெந்து சிவந்துபோயிருந்தது. கடைசி வீச்சில் தட்டு உள்முதுகோடு பொருந்தி உட்கார்ந்தது. சொராய்தா ஈரத்தை ஒற்றி எடுத்து, உள்மடிப்பில் துருப் பிடிக்காமலிருக்க மெழுகு பூசிவிட்டு எழுந்தாள்.

"பாருங்க. யாரு வேணும்னாலும் பாருங்க."

கமாலியேல் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். கைபேசி விளக்கை அடித்து ஓரம் முழுக்கத் தடவினார். ஒருமுறை போய்த் திரும்பினார். மறுபடி போனார்.

"கோடு இல்ல," என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வதுபோல. "ஆனா கோடு இல்லாட்டா மட்டும் ஆச்சா? பெரிய டயரை மாட்டி, ஆளை ஏத்தி ஓட்டினா உரசும்."

"அதுவும் பார்ப்போம். டயரை மாட்டு ரிகோ. பின் சீட்டுல, வலது பக்கம், நல்ல கனமான ஆளா ஒருத்தர் உக்காரணும்." சொராய்தா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "மச்சான், ஏறுங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மில்த்ரெத் அக்காவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"நானா? நான் எதுக்கு?"

"உங்களைவிட நம்பிக்கையான சாட்சி எனக்கு யாரு இருக்கா? உங்க காது பக்கத்துலதான் டயர் சுத்தும். உரசினா முதல்ல உங்களுக்குத்தான் கேட்கும்."

மறுக்க முடியாது. கமாலியேல் ஏறினார். கரோலா ஒரு பக்கமாகச் சாய்ந்து பெருமூச்சு விட்டது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையின் குறுக்கே ஒரு வேகத்தடை இருக்கிறது. அந்த ஊரில் வேகத்தடைக்குப் பேர் 'பிணம்'. இந்தப் பிணம் கொஞ்சம் கொழுத்த பிணம். எத்தனையோ காரின் அடிவயிற்றைக் கிழித்தது.

"மெதுவா ஏறாத ரிகோ. பிணத்து மேல வேகமா ஏத்து," என்றாள் சொராய்தா.

கார் சரிவில் இறங்கியது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தது. 'தொம்' என்று ஏறிய சத்தம். 'தொம்' என்று இறங்கிய சத்தம். நடுவில் ரப்பர் உரசும் அந்த 'சர்க்' இல்லை. ரிகோபெர்தோ திருப்பிக்கொண்டுவந்து மறுபடி ஏற்றினான். அதன்பின் ஆசை தீராமல் மூன்றாம் முறையும் ஏற்றினான். உள்ளேயிருந்து கமாலியேலின் குரல் மட்டும் கேட்டது: "போதும்டா பாவி, முதுகு போச்சு!"

இறங்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரே சொன்னார்.

"உரசல." பிறகு, "இடது பக்கத்தை என் கடைக்கு அனுப்பு ரிகோ. பட்டியைச் சுரண்டிட்டு, தகடு வச்சு வெல்டிங் பண்ணிக் கொடுத்துடறேன். காசு வேணாம்."

"கடைக்கு அனுப்பமாட்டேன்," என்றாள் சொராய்தா. "இங்க வந்து செய்யுங்க. இந்தப் போர்டிகோவுல, என் கண்ணு முன்னாடி. தகடைத் தகடா காட்டுங்க, அப்புறந்தான் நான் மடிப்பேன்."

"என் வேலைக்கு நீ மேஸ்திரியா?"

"அண்ணே." எஃப்ராயின். வெந்த மணிக்கட்டை ஈரத்துண்டால் சுற்றிக்கொண்டு நின்றான். அண்ணனை நேராகப் பார்த்தான். "அவ இங்கன்னு சொல்லிட்டா. இங்கதான்." பிறகு, அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "சான்கோச்சோவைத் திரும்ப அடுப்புல ஏத்தியிருக்கேன். ஒரு மணி நேரமாகும். இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க," என்றான்.

கமாலியேல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவருடைய வண்டி வந்து நின்றது. கம்ப்ரசரை உள்ளே உருட்டப் போனார்.

"அது தெருவுல நிக்கட்டும் மச்சான். அதோட எண்ணெய்ப் பிசுக்கு என் உருளைக்கு ஆகாது. குழாயை மட்டும் இழுத்துக்குங்க."

குழாயை மட்டும் இழுத்துக்கொண்டார். கரோலாவின் இடது பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து பட்டியைச் சுரண்ட ஆரம்பித்தார். பட்டி ஒரு விரல் கனம் இருந்தது. பொடி பறந்து தாடியில் படிந்தது. போர்டிகோவின் மறுகோடியில் சொராய்தா வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே காலிரண்டு மட்டும் தெரிந்தன.

பத்து மணிவாக்கில் பொன்ஸே நகரத்திலிருந்து ஒருவன் வந்தான், புதுச் சக்கரம் நாலையும் டிக்கியில் போட்டுக்கொண்டு. சுற்றும்முற்றும் பார்த்தான். கண்ணில் பட்டது கமாலியேல்தான். ஆகிருதியும் வயசும் முதலாளிக்களையாக இருந்தது.

"ஐயா, மட்கார்டு மடிக்கணும். இங்க பொறுப்பு யாரு?"

சுரண்டும் கை நின்றது. கமாலியேல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தத் தீவில் ஒருவரைக் காட்டவேண்டுமென்றால் யாரும் விரலை நீட்டுவதில்லை. அவர் உதட்டைக் குவித்து, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்களின் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டு, மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தார்.